தேடினால் வராத கடை

ஹாஜ் ரிஃபாத்துக்குத் தன் கடையின் வலைத்தளத்தின் மேல் இருந்த பாசம், பெற்ற மகள் மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம். காபிக் கடையில் யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் சரி, வந்தவர் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் இவர் போனை எடுத்துவிடுவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகவரியை ஒவ்வோர் எழுத்தாகக் குத்துவார். தளம் திறக்கும். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை, பொன் பூச்சு நாற்காலி என்று வரிசையாக ஓடும். "பாத்தியா? இப்ப துபாய்ல இருக்கறவன்கூட இதைப் பாக்கலாம்" என்பார்.

துபாயில் இருப்பவன் பார்க்கலாம்தான். ஆனால் பார்க்கவில்லை. துபாய் கிடக்கட்டும், பக்கத்து ஊர் மன்சூராவில் இருப்பவன்கூடப் பார்க்கவில்லை. தும்யாத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மரச்சாமான் கடை வாசலில்தான் விழ வேண்டும். எகிப்தில் பாதிப் பேரின் கல்யாணக் கட்டில் இந்த ஊரிலிருந்துதான் போகிறது. அப்படிப்பட்ட ஊரில், குளிர்காலம் முதல் தளம் ஓடியும், அதைப் பார்த்துவிட்டு ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை.

தளத்தைக் கட்டியவள் ரிஃபாத்தின் தம்பி மகள் ஷாஹிந்தா. மின்சார ஆபீஸில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஊர் முழுக்க அவளைத் திட்டும். மீட்டர் ஓடியதற்கும் அவள்தான் குற்றவாளி, ஓடாததற்கும் அவள்தான். அதை உதறிவிட்டுப் பெரியப்பா கடைக்கு வந்தாள். வார்னிஷ் வாசனை பிடித்தது, படங்களை அடுக்குவது பிடித்தது, ஒவ்வோர் அலமாரிக்கும் நாலு வரி எழுதுவது அதைவிடப் பிடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் காலையில் வேலைக்குப் போவது சந்தோஷமாக இருந்தது. அவள் அம்மா மட்டும் அந்த மின்சார வேலையை இன்னும் மறக்கவில்லை.

நோன்பு தொடங்கிய வாரம் பெரியப்பா கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோன்பு காலத்தில் சிகரெட் இல்லாத ரிஃபாத்தை எதிர்கொள்வதற்கே தனித் தைரியம் வேண்டும்.

"யா பாஷ்முஹந்திஸா," என்று ஆரம்பித்தார். தலைமை இன்ஜினியர் என்று அர்த்தம். இந்த ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டுத் துடைத்தவர்களுக்குக்கூடக் கிடைக்கும் பட்டம் அது. "ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க பெரியப்பா."

"தளத்தைப் பாத்துட்டு இதுவரைக்கும் எத்தனை பேரு வந்திருக்காங்க?"

"அது உடனே நடக்காது பெரியப்பா. கொஞ்சம் கொஞ்சமாத்தான்..."

"ஒருத்தன் வந்தா கொஞ்சம். இன்னொருத்தனும் வந்தா கொஞ்சம் கொஞ்சம். நமக்கு முதல் கொஞ்சமே இன்னும் வரலையேம்மா."

பின்கட்டில் கட்டில் தலைமாட்டில் கொடி செதுக்கிக்கொண்டிருந்த தலைமைத் தச்சர் உஸ்தா ஷவ்கி உளியை நிறுத்தாமல் சொன்னார்: "ஒருத்தன் வந்தான் ஹாஜ். பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டான்."

ரிஃபாத் சிரிக்கவில்லை. "இதோ பாரு. பெருநாளுக்குள்ள ஒரே ஒரு ஆள் வரட்டும். சொந்தக்காரனா இருக்கக் கூடாது, தும்யாத்துக்காரனா இருக்கக் கூடாது. 'தேடினேன், உங்க கடை வந்துச்சு'ன்னு அவன் வாயால சொல்லட்டும். மாடி ரூமு உனக்கு. அதை உன் ஆபீசாக்கி, மேஜையும் நானே செஞ்சு தரேன். வரலையா, மின்சார ஆபீஸ்ல உன் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம், உங்கம்மா சொன்னா."

அன்று மாலை வரை ஷாஹிந்தாவுக்கு அந்தக் கண்ணாடி ஓட்டைதான் கண்ணில் நின்றது. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அதைத் தெரிந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப் போடுபவர்களைப் போல. முகவரியை முழுசாக அடித்தால் தளம் திறக்கிறது என்பதில் ஒன்றுமே இல்லை. சாவி வைத்திருப்பவனுக்குக் கதவு திறக்கத்தானே செய்யும்? ஊருக்கு அந்த வீடு தெரியுமா என்பதுதான் கேள்வி. தேடுபொறி ஒரு தளத்துக்குள் வந்து, பக்கம் பக்கமாகப் படித்து, தன் நினைவில் ஏற்றிக்கொண்டால்தான், நாளைக்கு ஒருவன் தேடும்போது எடுத்துக் காட்டும். ஏற்றாத பக்கம் இருந்தும் இல்லாததுதான்.

அதைப் பார்ப்பதற்குச் சுலபமான வழி உண்டு. தேடும் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் தளத்தின் முகவரியை ஒட்ட வேண்டும். நினைவில் ஏறிய பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஷாஹிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள்.

எதுவும் இல்லை. பொருந்தும் பக்கம் ஏதுமில்லை, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று வந்தது. பிழை இல்லை. பார்த்துப் பார்த்து மூன்று தடவை அடித்தாள். பிறகு வயிற்றெரிச்சலோடு எதிர்க்கடை அபூ லமீஸின் முகவரியை அதே மாதிரி அடித்தாள். பக்கம் பக்கமாகக் கொட்டியது. அபூ லமீஸ் கடை ஸ்டூல்கள்கூட அதில் இருந்தன.

தன் தளத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் இருந்தது. தளம் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பது எல்லோரும் செய்வதுதான். அரைகுறை வீட்டை யார் காட்டுவார்கள்? கட்டி முடித்ததும் எடுத்தோமா, எடுக்கவில்லையா? எடுத்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் டிக் கண்ணெதிரே இருக்கிறதே! கிரகப்பிரவேசம் முடிந்தும் சாரத்தைப் பிரிக்காத மேஸ்திரி நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு டிக்கை எடுத்தாள். தேடுபொறிக்காரர்களே தள உரிமையாளர்களுக்குக் கொடுத்திருக்கும் பகுதிக்குப் போய், வந்து பாருங்கள் என்று விண்ணப்பமும் போட்டாள்.

சில நாளில் முகப்புப் பக்கம் ஏறியது. அப்புறம் அலமாரிகள், அப்புறம் சோபாக்கள். ஷாஹிந்தா இஃப்தார் முடிந்ததும் ஒரு தட்டு நிறைய முஷப்பக் இனிப்பு வாங்கி வந்து, காரணம் சொல்லாமல் எல்லோர் வாயிலும் திணித்தாள்.

"ஆள் வந்துச்சா?" என்றார் பெரியப்பா, சர்க்கரைப் பாகு தாடியில் வழிய.

"இல்லை. ஆனா வழி தெறந்துடுச்சு."

"வழி தெறந்தா போதுமா? நடந்து வர ஆள் வேண்டாமா?" என்றவர் இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார்.

அந்த முஷப்பக் செரிப்பதற்குள் சோபாக்கள் காணாமல் போயின. மறுநாள் அலமாரிகள். அதற்கடுத்த நாள் முகப்பும் போய்த் தளம் மறுபடி வெறுமையாக நின்றது. ஷாஹிந்தாவுக்குத் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம் வந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். கட்டத்தில் டிக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எடுத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் திரும்ப வந்திருந்தது.

டிக் தானாக முளைக்காது. உள்ளே நுழையும் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று படங்களை ஏற்றும் பெரியப்பாவின் மனைவி, மெர்வத் பெரியம்மா.

மெர்வத் வீட்டுச் சமையலறையில் நெய் வாசனை தெரு வரைக்கும் வந்தது. பெருநாளுக்கு கஹ்க் சுடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஜை முழுக்க மாவு உருண்டைகள். நோன்பு வயிற்றோடு இத்தனை இனிப்பைச் சுடுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும், அது மெர்வத்திடம் ஏராளமாக இருந்தது.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கையைக் கழுவிட்டுக் கேளு. இந்த வீட்ல சும்மா நிக்கறவங்களுக்குப் பதில் கிடையாது."

கழுவினாள். பெரியம்மா அவள் கையில் ஒரு சின்ன இடுக்கியைக் கொடுத்தார். மாவின் மேல் கோடு கோடாகக் கிள்ளிக்கொண்டே ஷாஹிந்தா கேட்டாள்:

"தளத்தோட அமைப்புப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல டிக் போட்டது நீங்களா?"

"ஆமா." குரலில் ஒரு துளி வெட்கம் இல்லை. "ஒரு தடவையா? நீ மறந்து மறந்து எடுத்துடறே. நானும் போட்டுக்கிட்டே இருக்கேன். உங்கிட்டேருந்து ஒரு நன்றி கிடையாது."

"பெரியம்மா!"

"என்ன பெரியம்மா? எனக்குப் படிக்கத் தெரியாதா? தேடுறவங்களுக்குத் தெரியாம வைக்கறதுன்னு தெளிவா போட்டிருக்கே. படிச்சதும் என் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ, கண்ணேறு படாம இருக்கறதுக்குக் கம்ப்யூட்டர்லயே வழி பண்ணி வெச்சிருக்கானே, அவனைப் பெத்த வயிறு குளிரணும்னு துஆ செஞ்சேன்."

ஷாஹிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தளம் வெச்சதே நாலு பேரு தேடி வரட்டும்னுதானே பெரியம்மா?"

"நல்ல மனசோட நேரா வர்றவங்களுக்குத் தெறந்துதானே இருக்கு? உங்க பெரியப்பா தினம் தெறந்து பாக்கறாரே! தேடி அலையறவங்க யாரு? வேலை வெட்டி இல்லாதவங்க. அவங்க கண்ணுதான் பொல்லாதது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது."

"பெருநாளுக்குள்ள ஒருத்தர் தேடி வரலைன்னா என்னை மின்சார ஆபீசுக்கே திரும்பிப் போகச் சொல்லிட்டாரு, தெரியுமா?"

"அவரு சொல்லுவாரு. மறுநாள் மறந்துடுவாரு."

"இதை மறக்க மாட்டாரு. உஸ்தா ஷவ்கி எதிர்ல சொல்லியிருக்காரு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு இந்த வேலை வேணும் பெரியம்மா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி திரும்பவும் போய் உக்கார என்னால முடியாது."

மெர்வத்தின் கை உருண்டையோடு நின்றது. அப்புறம் ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யும்னாவோட முதல் நிச்சயம் ஞாபகம் இருக்கா?" என்றார். யும்னா அவருடைய ஒரே மகள். "அப்ப அவளுக்குச் செஞ்ச படுக்கையறை செட்டைப் படம் புடிச்சு நான்தான் போன்ல போட்டேன். எத்தனை பேரு! 'எவ்வளவு அழகு, எவ்வளவு அதிர்ஷ்டம்'னு எழுதினாங்க. கண்ணு படாம இருக்க ஒருத்தி வாயிலேருந்தாவது 'மாஷா அல்லாஹ்' வரணுமே! வரலை. அந்த மாசமே நிச்சயம் முறிஞ்சுது. அந்தப் பொண்ணு சுவத்தைப் பாத்து உக்காந்திருந்ததை நான் பாத்தேன், நீ பாக்கலை. இப்ப அல்லாஹ் புண்ணியத்துல மறுபடி ஒரு நல்ல இடம் அமைஞ்சிருக்கு. ஷவ்கி உசுரைக் குடுத்துச் செதுக்கின செட்டு அது. அதையும் தூக்கித் தளத்துல போட வெச்சுட்டாரு உங்க பெரியப்பா, கடையிலயே நல்ல சாமான் அதுதானாம். எடுத்தா சண்டைக்கு வருவாரு. அதான் மொத்தமா மூடினேன்."

ஷாஹிந்தா இடுக்கியைக் கீழே வைத்தாள். கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. முறிந்த நிச்சயத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, பையனுக்கு வேறு இடத்தில் மனசு என்று ஊருக்கே தெரியும். அதை இந்தத் தாயிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"பெரியம்மா, மொத்தமா மூட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா அந்தக் கட்டம் உண்டு. யும்னா செட்டை மட்டும் மறைச்சுடலாம்."

மெர்வத் யோசித்தார். "ஸ்டூலைத் தேடி வர்றவ உள்ள நுழைஞ்சு, இது என்ன அது என்னன்னு ஒவ்வொண்ணா தட்டி, கட்டில்கிட்ட வந்து நிக்க மாட்டாளா?"

நியாயமான கேள்வி. இத்தனை நாளில் தளத்தைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு கூர்மையாக எதையும் கேட்டதில்லை.

"நிக்கலாம். அதனால அதுக்கு ஒரு பூட்டும் போடறேன். கடவுச்சொல் உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும். அவரு போன்ல நானே தெறந்து வெச்சுடறேன், அவருக்கு எப்பவும் போலத் தெரியும்."

"அவரு காட்டறவங்க?"

"காபிக் கடை ஆளுங்க பெரியம்மா. அவங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியாது."

மெர்வத் சிரித்துவிட்டார். மாவுக் கையைத் துடைக்காமலே போனை எடுத்தார், பிஸ்மில்லாஹ் சொல்லி டிக்கைத் தானே எடுத்தார். திரையில் நெய் விரல் பதிந்தது. ஷாஹிந்தா அங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை மறைத்துப் பூட்டினாள், மற்றவற்றுக்கெல்லாம் புதுசாக விண்ணப்பம் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தினமும் இஃப்தார் முடிந்ததும் மெர்வத்தே போன் செய்ய ஆரம்பித்தார்.

"அந்த சைட் போட்டுப் பாத்தியா? இன்னிக்கு எத்தனை? வேண்டாம், எண்ணைச் சொல்லாதே! எண்ணினா கண்ணு படும். கூடியிருக்கா, அதை மட்டும் சொல்லு."

"கூடியிருக்கு பெரியம்மா."

"கம்ஸா ஓ கமீஸா," என்பார் உடனே. ஐந்து விரலையும் விரித்துக் கண்ணேற்றைத் தடுக்கிற வார்த்தை அது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஆசை வென்றுவிடும். "சோபா எல்லாம் வந்துடுச்சா? மூலை அலமாரி? அந்தப் படத்துக்கு நான் வெளிச்சத்துக்காக எத்தனை தடவை ஜன்னலைத் தெறந்து மூடினேன் தெரியுமா, அது வரலைன்னா எப்படி?"

மூலை அலமாரியும் வந்தது. கடைசியில், பூட்டிய அந்த ஒன்றைத் தவிர எல்லாப் பக்கங்களும் ஏறிவிட்டன. ஆனால் ஆள் வரவில்லை. நோன்பின் கடைசி நாளும் விடிந்தது. ரிஃபாத் எதுவும் மறக்கவில்லை. கடைக்குள் நுழையும்போதே, "மின்சார ஆபீசு பெருநாளுக்கு எத்தனை நாள் லீவு விடுது?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஷாஹிந்தா தூசி இல்லாத மேஜையைத் துடைத்தாள்.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்த நேரம், ஓர் அம்மாவும் பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள். வியர்த்துக் களைத்திருந்தார்கள். பெண் கையிலிருந்த போனையும் கடைப் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இதேதாம்மா," என்றாள்.

ரிஃபாத் எழுந்தார். "வாங்க வாங்க. எந்த ஊரு?"

"பெனி சுவேஃப்," என்றார் அம்மா.

"நோன்போட அவ்வளவு தூரத்துலேருந்தா! இங்க சொந்தக்காரங்க யாராவது?"

"யாரும் இல்லை."

"யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை ஹாஜ்."

"எதிர்க்கடைக்காரன் வழியில நிறுத்தியிருப்பானே?"

"நிறுத்தினாரு. டீ தரேன்னாரு. நோன்புன்னு சொன்னதும் அவருக்கே வெக்கமாப் போச்சு," என்றாள் பெண்.

"அப்புறம் இந்தக் கடை எப்படித் தெரியும்?" ரிஃபாத்தின் குரல் போலீஸ்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா பயந்து மகளைப் பார்த்தார்.

"தேடினேன் மாமா. தும்யாத், மூலை அலமாரின்னு போட்டேன். உங்க கடை வந்துச்சு. நாலாவது பக்கத்துல."

"நாலாவது பக்கம் வரைக்குமா பாத்தே?"

"எனக்குக் கல்யாணம் மாமா. நாப்பதாவது பக்கம் வரைக்கும் பாப்பேன்."

ஷாஹிந்தா துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே முகத்தில் பொத்திக்கொண்டாள். வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது, அவளுக்கு அது தெரியவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவும் பெண்ணும் மூலை அலமாரியைத் திறந்து மூடி, தட்டி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ரிஃபாத் தொண்டையைக் கனைத்தார். சொன்ன சொல் சொல்தான். ஆனால் தோற்றதைச் சும்மா ஒத்துக்கொள்கிற ஆளா அவர்?

"சரி, மாடி ரூமு உனக்கு. ஆனா ஒண்ணு. இன்னிக்கு முடிஞ்சது குளிர்காலத்துல ஏன் முடியலை? அத்தனை மாசம் தூங்கிட்டு இருந்தியா? பொறுப்பு இருந்திருந்தா இதுக்குள்ள எத்தனை பொண்ணுங்க வந்திருப்பாங்க!"

ஷாஹிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. விழுங்கிவிட்டாள். ரூமு கிடைத்துவிட்டது, திட்டு கிடைத்தால் என்ன?

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க." இஃப்தாருக்கு கஹ்க் தட்டோடு வந்த மெர்வத் வாசலில் நின்றிருந்தார். "மறைச்சு வெச்சது நான்."

பின்கட்டில் உளிச் சத்தம் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை மெர்வத் 'தப்பு என்னுது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ரிஃபாத் உட்பட.

"எதை மறைச்சே?"

"கடையை."

"கடையை எப்படிடீ மறைப்பே?"

"ஒரு டிக் போட்டு மறைச்சேன். யும்னாவுக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு. மறைச்சது நான்தான்னு தெரிஞ்சும் இவ உங்ககிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடலை. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

ரிஃபாத் மனைவியைப் பார்த்தார், தம்பி மகளைப் பார்த்தார். முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. மகள் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி கண் தாழ்ந்தது. பிறகு எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அதான் ஹாஜ்," என்றார் ஷவ்கி உள்ளிருந்து. "நானும் சில நாள் காலையில இந்தக் கடையைத் தேடி அலைஞ்சுட்டு லேட்டாத்தான் வரேன்."

"நீ வாயை மூடு! உனக்கு யாரு டிக் போட்டா?" என்று கத்திவிட்டு மறுபடி சிரித்தார் ரிஃபாத். ஷாஹிந்தாவின் தலையில் கை வைத்து, "மேஜைக்கு எந்த மரம் வேணும்னு நீயே சொல்லு," என்றார்.

மெர்வத் இந்தச் சிரிப்பில் சேரவில்லை. அவர் மனசு வேறெங்கோ மாட்டியிருந்தது. பெனி சுவேஃப் பெண்ணிடம் மெதுவாகப் போனார்.

"நாலாவது பக்கம்னு சொன்னியே கண்ணு, அதுக்கு முன்னாடி மூணு பக்கத்துல யாரு யாரு இருக்காங்க?"

பெண் போனை நீட்டினாள். மெர்வத் மேலிருந்து பார்த்தார். முதல் பக்கத்தில் முதல் ஆளாக அபூ லமீஸ். அவன் சோபாக்கள், அவன் சரவிளக்குகள், பல் தெரியச் சிரிக்கும் அவன் முகம். மெர்வத் ஒரு சோபாவைத் தொட்டுப் பெரிதாக்கி, கண்ணை அகல விரித்து, நிதானமாகச் சொன்னார்:

"அடேயப்பா, எவ்வளவு அழகான சோபா! எவ்வளவு பெரிய கடை! என்ன ஒரு அதிர்ஷ்டம் இந்த அபூ லமீஸுக்கு!"

ஷாஹிந்தா பதறிப் போனாள். "பெரியம்மா, மாஷா அல்லாஹ் சொல்லுங்க!"

"சொல்றேன், சொல்றேன்," என்றார் மெர்வத், அடுத்த சோபாவைப் பெரிதாக்கிக்கொண்டே. "என்ன அவசரம்? நாம முதல் பக்கத்துக்கு வந்ததும் சொல்றேன்."